கரப்பானும் பத்தியமும்: மருத்துவ ஆராய்ச்சியில் பங்குபெறுவது குறித்து ஒரு பாடம்

பாடப் பகுதி: தானியேல் 1:8-16



ஆர்.கே.பேட்டை சுற்றுவட்டாரத்தில், கைக்குழந்தையின் கன்னத்திலோ முழங்கை மடிப்பிலோ தோல் சிவந்து, அரித்து, நீர் வடியத் தொடங்கினால் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கரப்பான் என்பார்கள். மருத்துவர்கள் எக்ஸிமா என்பார்கள். பெயர் எதுவானாலும் அடுத்த பேச்சு உணவைப் பற்றியதாகவே இருக்கும். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, வேர்க்கடலை ஆகாது, முட்டையைக் கண்ணில் காட்டாதே என்பார்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கரப்பான் பண்டம் என்று ஒரு பெயரே நம் மொழியில் உண்டு. பால் குடிக்கிற குழந்தையானால் பத்தியம் தாயின் மேல் விழும். மிளகு ரசமும் சோறுமாக மாதக்கணக்கில் நாளைக் கழிக்கிற இளந்தாய்மாரை நம் வெளிநோயாளர் பகுதியில் இன்றும் காணலாம்.

இக்காலத்தில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துள்ளது. நகரத்து ஆய்வுக்கூடங்களில் ஒரே இரத்த மாதிரியில் பல உணவுகளுக்கு அலர்ஜி பார்த்து, நீண்ட பட்டியலாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு. விசைத்தறிக் கூலியை நம்பியிருக்கும் குடும்பம் கடன் வாங்கி அந்தத் தாளைப் பெற்று வந்து, "இதில் எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?" என்று கேட்கிறது.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு மருத்துவ உலகம் இன்னும் முழுமையான விடை பெறவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அந்த விடையைத் தேடும் ஆராய்ச்சி எப்படிப்பட்டது, அதில் குழந்தைகளும் பெற்றோரும் பங்குபெறுவது என்றால் என்ன, அதில் நாம் காக்க வேண்டிய எல்லைகள் எவை என்பதே இந்த மாதப் பாடம்.

1. கரப்பான் என்பது என்ன?

நமது தோல் ஒரு சுவரைப் போன்றது. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியிலுள்ள அழுக்கையும் கிருமியையும் உள்ளே விடாமலும் அது காக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சுவரின் பூச்சு மெல்லியதாக அமைந்துவிடுகிறது. தோல் வறண்டு, சிறு விரிசல் விட்டு, எளிதில் அழற்சி கொள்கிறது. பெரும்பாலும் முதல் வயதிலேயே தொடங்கும். பல பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தாய் எதையோ தின்றதினால் வந்த தண்டனையும் அல்ல.

கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. கரப்பான் கடுமையாக இருந்தால் அந்த வாய்ப்பும் அதிகம். ஆனால் ஒவ்வாமை இருக்கிறது என்பதினால், அந்த உணவுதான் கரப்பானுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. விரிசல் விட்ட தோலின் வழியாக உணவின் நுண்துகள்கள் உடலுக்குள் அறிமுகமாகி, அதனாலேயே பிற்பாடு ஒவ்வாமை உண்டாகலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் பல பிள்ளைகளில் தோல் முந்தியது, உணவு பிந்தியது.

2. பரிசோதனை எதைச் சொல்கிறது?

இரண்டு பரிசோதனைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, உணவின் சாற்றுத் துளியைத் தோலின் மேல் வைத்து மெல்லக் குத்தி, தடிப்பு எழும்புகிறதா என்று கால்மணி நேரம் பார்ப்பது. மற்றது, இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளை அளப்பது. இரண்டும் ஒரே செய்தியைத்தான் தருகின்றன: இந்த உடல் அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதே அச்செய்தி. அதை உண்டால் தீங்கு வரும் என்று அவை உறுதி கூறுவதில்லை.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. யூரோப்ரிவால் என்ற பன்னாட்டு ஆய்வின் பகுதியாக அங்குள்ள பெரியவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். 2016இல் முடிவு வெளியானது. ஏதாவது ஒரு உணவுக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 100க்கு 26 பேருக்கும் மேல். ஆனால் அந்த உணவை உண்டு உண்மையில் ஒவ்வாமை கண்டிருக்கக்கூடியவர்கள் 100க்கு 1.2 பேர் மட்டுமே. அதே திட்டத்தில் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடையே அந்த அளவு 1000க்கு ஒருவர் அல்லது இருவர் என்ற நிலையில்தான் இருந்தது. பரிசோதனைத் தாளை மட்டும் நம்பி உணவை நிறுத்தியிருந்தால், எத்தனை பேர் காரணமின்றிப் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பெரியவர்களின் கத்தரிக்காயும் ஆராய்ச்சிக்கு வந்ததுண்டு. மைசூரில் 741 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கவே செய்தார்கள். பெரியவர்கள் கண்டது வெறும் கற்பனையல்ல. ஆனாலும் ஐ.ஜி.ஈ. வழியான உறுதியான ஒவ்வாமை 100இல் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது.

நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. பால், முட்டை, கடலை மூன்றையும் நிறுத்திவிட்டால், ஏழைக் குழந்தையின் தட்டில் புரதத்திற்கு என்ன மீதியிருக்கும்? எடை குறைந்து, சோகை பிடித்து, கரப்பானும் அப்படியே இருக்கிற பிள்ளையைக் காண்பது மிகவும் வருத்தமானது. இன்னொரு ஆபத்தும் உண்டு. நன்றாக உண்டு செரித்து வந்த உணவைப் பல மாதம் நிறுத்தியபின் மீண்டும் கொடுக்கும்போது, முன்பு இல்லாத கடும் ஒவ்வாமை சில பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

அப்படியானால் உணவைச் சிறிதும் நிறுத்த வேண்டாமா? அங்கேதான் 'தெரியாது' என்ற இடம் வருகிறது. கொல்கத்தாவில் கரப்பான் உள்ள 100 குழந்தைகளுக்குப் பால், முட்டை, கடலை வகைகள், கடல் மீன், இறால், கத்தரிக்காய், சோயா ஆகியவற்றை மூன்று வாரம் நிறுத்திப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த அறிக்கையின்படி பிள்ளைகளின் தோல் நன்றாகவே தேறியது. ஆனால் உணவை நிறுத்தாத மற்றொரு குழுவை அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதை ஆய்வாளர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். கரப்பான் தானாக ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும்போதுதான் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுவருகிறோம். மூன்று வாரத்தில் எதுவும் செய்யாமலேயே ஓரளவு தேறியிருக்கலாம் அல்லவா? ஆகவே தேறியது உணவினாலா, நாளினாலா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

3. தானியேலின் பத்து நாட்கள்

இங்கே நமது பாடப் பகுதி உதவிக்கு வருகிறது. மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள், ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பழைய எடுத்துக்காட்டாக இப்பகுதியைக் குறிப்பிடுவதுண்டு. பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவனுடைய மூன்று தோழர்களும் ராஜாவின் உணவை மறுத்து, பருப்பு, காய்கறிகளையும் தண்ணீரையும் கேட்கிறார்கள். மேற்பார்வையாளன் அஞ்சுகிறான். பிள்ளைகள் வாடிப்போனால் அவன் தலைக்கு ஆபத்து. அப்பொழுது தானியேல் ஒரு வழி சொல்கிறான். இந்தப் பகுதி நமக்குச் சைவ உணவைப் போதிக்க எழுதப்பட்டதல்ல. ஆயினும் அவன் சொன்ன வழியில் ஐந்து காரியங்களைக் கவனிக்கலாம்.

முதலாவது, சோதனைக்கு உட்படுகிறவனே அதைக் கேட்டான். எவரும் அவனை அதில் தள்ளவில்லை.

இரண்டாவது, அதற்கு ஒரு கால எல்லை இருந்தது. பத்து நாள் மட்டுமே.

மூன்றாவது, ஒப்பிட ஒரு கூட்டம் இருந்தது. ராஜாவின் உணவை உண்ட மற்ற வாலிபர்களோடு இவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னான்.

நான்காவது, எதைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே சொன்னான். முகத்தோற்றத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஐந்தாவது, முடிவு எப்படி இருந்தாலும் அதற்கேற்ப நடந்துகொள்ளும்படி தன்னை ஒப்புக்கொடுத்தான். தனக்குச் சாதகமான முடிவை மட்டும் ஏற்பேன் என்று சொல்லவில்லை.

இக்கால ஆய்வுகள் இதோடு ஒன்றைச் சேர்க்கின்றன. யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதைத் தாங்களே தெரிந்துகொள்ளாமல், சீட்டுப் போடுவது போல முடிவு செய்கிறார்கள். இல்லாவிட்டால், அக்கறை மிகுந்த தாய்மார் ஒரு குழுவிலும் மற்றவர்கள் இன்னொரு குழுவிலும் சேர்ந்துவிடுவார்கள். அப்பொழுது தேறியது மருந்தினாலா, தாயின் கவனிப்பினாலா என்று தெரியாது.

4. ஒப்பிட்டுப் பார்த்ததினால் கற்றவை

வேர்க்கடலையின் கதை இதற்குச் சிறந்த சான்று. 1998இல் இங்கிலாந்தும் 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று அறிவுரை கூறின. நல்ல எண்ணத்தோடு சொன்னதே. ஆனால் ஒவ்வாமை குறையவில்லை. 2008இல் ஒரு செய்தி வெளியானது. இங்கிலாந்தில் வாழும் யூதப் பிள்ளைகளுக்கு இருந்த வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரவேல் நாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்ததைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. இஸ்ரவேலில் குழந்தைகள் ஒரு வயதிற்குள்ளேயே கடலைத் தின்பண்டம் தின்கிறார்கள்.

இதைச் சோதிக்க லண்டனில் லீப் என்ற ஆய்வு நடந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். வயது 4 முதல் 11 மாதம். பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவு தவறாமல் கொடுக்கப்பட்டது. மறுபாதிப் பேர் ஐந்து வயது வரை அதைத் தொடவே இல்லை. 2015இல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 100க்கு 17 பேருக்கு ஒவ்வாமை. உண்டவர்களில் 100க்கு 3 பேருக்கே. உலகம் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த அறிவுரை தலைகீழாயிற்று. ஐந்தாண்டு காலம் அந்தத் தாய்மார் பொறுமையோடு வந்துபோனதினால் 640 பேரில் 628 பிள்ளைகளின் முடிவு கிடைத்தது. அந்த ஆய்வின் பலமே அவர்களுடைய உண்மையில்தான் இருந்தது.

'பயன் இல்லை' என்று முடிந்த ஆய்வுகளும் நமக்குப் பயனுள்ளவையே. பிறந்தது முதல் ஓராண்டு தினமும் களிம்பு தடவினால் கரப்பான் வராமல் தடுக்கலாம் என்று பலர் நம்பினார்கள். பீப் என்ற ஆய்வில் 1,394 குழந்தைகள் சேர்ந்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி தடவிய குழுவிலும் தடவாத குழுவிலும் கரப்பான் ஏறக்குறைய சமமாகவே வந்தது. வந்தபின் தடவுவது அவசியம். வருமுன் தடவிச் செலவழிக்கத் தேவையில்லை. 2022இல் பீ என்ற மற்றொரு ஆய்வு, லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என்ற நான்கு வகையையும் 550 பிள்ளைகளிடம் ஒப்பிட்டது. பலனில் பெரிய வேற்றுமை இல்லை. விலை உயர்ந்த குப்பியை வாங்க முடியவில்லையே என்று மனம் வருந்தும் ஏழைத் தாய்க்கு இது எவ்வளவு ஆறுதலான செய்தி!

இனி நம் கேள்விக்கு வருவோம். பரிசோதனை செய்து, அதன்படி உணவை நிறுத்தினால் கரப்பான் குறையுமா? உணவை நிறுத்திப் பார்த்த 10 ஒப்பீட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. அவற்றில் மொத்தமே 599 பேர்தான். குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள், நிறுத்தியவர்களில் 100க்கு 50 பேர், நிறுத்தாதவர்களில் 100க்கு 41 பேர். வேற்றுமை சிறிது. அதுவும் அழுத்தமாகச் சொல்லக்கூடியது அல்ல.

ஆகவே இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் படிப்படியாக இக்கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். முதலில் டெஸ்ட் என்ற சிறிய ஆய்வு. அதில் 84 குழந்தைகள். இப்படி ஒரு ஆய்வு நடத்த முடியுமா, பெற்றோர் ஒத்துழைப்பார்களா என்று அறிவதே அதன் நோக்கம். அதற்குப்பின் டைகர் என்ற பெரிய ஆய்வு, ஏறத்தாழ 500 குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. மூன்று மாதம் முடிந்து இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகள். ஒரு குழுவுக்குப் பால், முட்டை, கோதுமை, சோயா ஆகியவற்றுக்குப் பரிசோதனையும் அதன்படி உணவு ஆலோசனையும். மறு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. எந்தக் குழு என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது.

முடிவை அளக்கும் கருவி எது தெரியுமா? தாயின் கண்தான். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, எத்தனை நாள் இரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது என்று ஏழு கேள்விகள். சுழியம் முதல் 28 வரை மதிப்பெண். விலை உயர்ந்த இயந்திரத்தைவிட, விடியும்வரை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் சாட்சியே இங்கே பெரிதாக மதிக்கப்படுகிறது.

ஆனால் கோதுமையும் சோயாவும் முக்கியமாக உள்ள அவர்கள் தட்டு வேறு. கேழ்வரகும் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் கருவாடும் உள்ள நம் தட்டு வேறு. அங்கே கிடைக்கும் விடை நமக்கு வழிகாட்டும். நம் பிள்ளைகளைப் பற்றிய விடை நம் பிள்ளைகளிடமிருந்துதான் வர வேண்டும்.

5. நம் மண்ணில் நடந்தவை

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக்காரர் நாட்டுக் காரியம் என்று எண்ண வேண்டாம். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1இல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. அதே மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், 1968 முதல் 1971 வரை பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு அது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. 1979இல் முதல் முடிவு வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தபின் 1999இல் வெளியான அறிக்கையும் அதையே உறுதிப்படுத்தியது. குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து அது காப்பதினால் இன்றும் பச்சிளங் குழந்தைகளுக்குப் போடுகிறோம். ஆனால் அதை நம்பி மற்ற வழிகளை விட்டுவிடக்கூடாது என்பதை உலகம் நம் திருவள்ளூர் விவசாயிகளிடமிருந்து கற்றுக்கொண்டது.

இன்னும் அண்மைக்கு வருவோம். கைக்குழந்தைகளை வயிற்றுப்போக்கினால் கொல்லும் ரோட்டா வைரசுக்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்து 2011 முதல் டெல்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வேலூரில் இதை நடத்தியது நாம் அனைவரும் அறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 2014இல் வெளியான முடிவு, கடுமையான நோயில் பாதிக்கும் மேலானதை மருந்து தடுப்பதாகக் காட்டியது. 2016இல் ரோட்டா தடுப்பு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்று சுகாதார நிலையத்தில் நம் பேரப்பிள்ளையின் வாயில் விழும் அந்தச் சொட்டுகளுக்குப் பின்னால், முன்பின் தெரியாத தாய்மார் கொடுத்த சம்மதம் இருக்கிறது.

6. "நீங்கள் சொன்னால் சரிங்க, ஐயா"

இந்த இடத்தில் நம்மைப் போன்ற மிஷன் மருத்துவமனைகள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம்மிடம் வரும் மக்கள் நம்மை நம்புகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. சம்மதப் படிவத்தை நீட்டினால், படிக்காமலே, "நீங்கள் சொன்னால் சரிங்க, ஐயா" என்று பெருவிரலை மையில் தோய்ப்பார்கள். அது நம் மேல் வைத்த நம்பிக்கை. சம்மதம் அல்ல.

நம்பிக்கையைச் சம்மதமாக எண்ணினால் என்ன நேரும் என்பதை 2009இல் கண்டோம். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடும் திட்டம் ஒன்று நடந்தது. பலர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் ஏழை மலைவாழ் பிள்ளைகள். பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையொப்பமிட்டிருந்தார்கள். சில மரணங்கள் நேர்ந்தபோது, அவற்றுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணையில் தெரிந்தும், மக்களின் நம்பிக்கை உடைந்துபோயிற்று. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. விடுதி நடத்துகிற சபைகளும் அதைத் தாங்குகிற நாமும் இதை மறக்கக்கூடாது. பிள்ளையைச் சோறு போட்டு வளர்ப்பதினால் அதன் உடலின் மேல் நமக்கு உரிமை வந்துவிடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் 2019இன் மருத்துவச் சோதனை விதிகளும் இன்று நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின் சாரத்தைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, விளக்கம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நம் பகுதியில் வீட்டில் பேசுவது தெலுங்கும் பள்ளியில் படித்தது தமிழுமாக இருப்பவர்கள் பலர். சிலருக்கு நேர்மாறு. எந்த மொழியில் விளக்குவது என்று முதலில் கேட்க வேண்டும். எழுத்தறியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

இரண்டாவது, சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சீட்டின்படி உங்கள் பிள்ளை பரிசோதனை இல்லாத குழுவில் விழலாம். இதனால் உங்கள் பிள்ளைக்கு நன்மை வராமலும் போகலாம்.

மூன்றாவது, மறுக்கலாம். பாதியில் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சிகிச்சையில் ஒரு இம்மியும் குறையக்கூடாது.

நான்காவது, ஆய்வினால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கும் ஈட்டுத்தொகைக்கும் வழி இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பயணச் செலவையும் இழந்த கூலியையும் கொடுக்கலாம். ஒரு நாள் தறி நின்றால் அந்த வீட்டுக்கு என்ன நஷ்டம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பணத்தாசை காட்டிச் சேர்க்கக்கூடாது.

ஆறாவது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். 7 முதல் 12 வரை வாய்மொழியாக, அதற்குமேல் 18 வரை எழுத்தில்.

மருத்துவச் சோதனைகள் எல்லாம் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவு எண் என்ன என்று பெற்றோர் தயங்காமல் கேட்கட்டும். ஒவ்வொரு ஆய்வையும் முன்கூட்டி ஆராயும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் மட்டுமல்ல, சட்டம் அறிந்தவரும், மருத்துவம் படிக்காத ஒரு பொதுமனிதரும் இருக்க வேண்டும். சபை மக்களாகிய உங்களில் எவரையாவது அந்த இடத்துக்கு அழைத்தால், "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். படிவத்தைப் படித்துவிட்டு, "இது என் வீட்டு வேலைக்கார அம்மாவுக்குப் புரியுமா?" என்று கேட்க ஒருவர் அங்கே தேவை.

யோவான் 5ஆம் அதிகாரத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வியாதியாய்க் கிடந்தவனிடம், குணமாக விருப்பம் உண்டா என்று ஆண்டவர் முதலில் கேட்கிறார். பதில் தெரிந்தவரே கேட்டார். பதில் தெரியாத நாம் கேளாமல் இருக்கலாமா?

7. அதுவரை பெற்றோர் செய்யத்தக்கவை

பெரிய ஆய்வுகளின் விடை வரும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. ஆகவே தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

குளிப்பாட்டியவுடன், தோலில் ஈரம் இருக்கும்போதே களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். விலை குறைந்த சாதாரண வாசலின் போதும். பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் தூய தேங்காயெண்ணெய் நல்ல பலன் தந்திருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பயன்படுத்துங்கள். பயந்து பாதியில் விடவும் வேண்டாம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தாமாகத் தடவவும் வேண்டாம்.

ஒரு உணவைத் தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஏதேனும் கண்டால், அது உடனடி ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் பரிசோதனை உண்மையாகவே பயன்படும். அப்படி எதுவும் இல்லாமல் நன்றாக உண்டுவரும் பிள்ளைக்கு, தாளைப் பார்த்து மட்டும் உணவை நிறுத்த வேண்டாம். ஐ.ஜி.ஜி. என்ற பெயரில் விற்கப்படும் உணவுப் பரிசோதனையை ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்பதில்லை. அதற்குப் பணம் செலவிடாதிருங்கள். பால் கொடுக்கும் தாய், மருத்துவர் சொல்லாமல் தன் வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கு வேர்க்கடலையை முதன்முறை கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். எந்தச் சிறு பிள்ளைக்கும் முழுக் கடலையைக் கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும். கூழாக அரைத்துக் கொடுக்கலாம்.

முடிவுரை

'தெரியாது' என்று ஒப்புக்கொள்ளும் மருத்துவரை நம் மக்கள் சில நேரம் குறைவாக எண்ணுகிறார்கள். அவரே நம்பத்தக்கவர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஒரு குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுவது எளிது. தெரியாததை ஒப்புக்கொண்டு, ஒழுங்காகச் சோதித்து, விடை எதுவானாலும் ஏற்பது கடினம். அந்தக் கடினமான வழியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய், தான் ஒருபோதும் காணப்போகாத பிள்ளைகளுக்குக் காணிக்கை செலுத்துகிறாள். கேட்டுப் பெற்றால் மட்டுமே அது காணிக்கை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிற தாயையும் அதே முகமலர்ச்சியோடு நாளை வரவேற்கிற மருத்துவமனைக்கே அதைக் கேட்கும் தகுதி உண்டு.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. தானியேலின் சோதனையில் கண்ட ஐந்து காரியங்களில், நம் ஊரில் சொல்லப்படும் கைமருந்துப் பரிந்துரைகளில் குறைவுபடுவது எது?

2. உங்கள் வீட்டில் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கப்பட்ட உணவுகள் எவை? நிறுத்தியதினால் குறைந்தது என்று எப்படி அறிந்தீர்கள்?

3. 'பயன் இல்லை' என்ற முடிவைத் தந்த பி.சி.ஜி. ஆய்வில் பங்குபெற்ற மக்களின் உழைப்பு வீணா? ஏன்?

4. நம் சபையின் பள்ளியிலோ விடுதியிலோ ஒரு ஆய்வு நடத்த அனுமதி கேட்டால், நாம் முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?